ரத்தக்காட்டேரிக்குத் தடையின்மைச் சான்று

"என் பக்கங்களைத் திருப்பிக் குடுங்க."

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னது ஆனந்தியக்கா. மாவட்டச் சித்திரக்கதைச் செழிப்பு மன்றத்தில் கடிதம் தட்டச்சு செய்வது, தேநீர் வரவழைப்பது, தலைவரும் செயலாளரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள உதவுவது ஆகிய மூன்று வேலைகளையும் பார்த்துவருகிறவர்.

"என்ன வேணா கேளு தமிழ்மதி. ஃபேனைப் போடச் சொல்லு, தண்ணி கேளு, ஏன் இம்புட்டு லேட்டுன்னுகூடக் கேளு. ஒருக்கா குடுத்ததத் திருப்பி மட்டும் கேட்டுறாத. அது இங்க கெட்ட வார்த்தை மாதிரி."

கேட்டுவிட்டேன்.

தலைவர் மணிமாறன் ஐயா தேநீரை வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே இருந்தார். பக்கத்து நாற்காலியில் செயலாளர் அந்தோணிமுத்து ஐயா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அது போன வருடத்துக் காலண்டர். சொன்னது காதில் விழாத மாதிரி இருப்பதில் இருவருக்கும் நல்ல பழக்கம் இருந்தது.

நான் கேட்ட பக்கங்கள் மொத்தம் அறுபத்து நான்கு. பெரிய தாளில் மையால் வரைந்தது. இரண்டு வருட வேலை. திண்டுக்கல்லில் கல்லூரி முடித்துவிட்டு, ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பூக்கூடைகளைத் தள்ளிவைத்துவிட்டுக் கிடைத்த இடத்தில் வரைந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டவர்களிடம் எங்கம்மா ஜக்கம்மாள், "பேய்ப்படம் போடுறா" என்று சொல்லிவிடும்.

பேய்தான். ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய சுமேரியாவில், உருக் நகரத்தில் ஒரு ரத்தக்காட்டேரி. எழுதக் கற்றுக்கொடுக்கும் களிமண் பலகைப் பள்ளியில் அவர்தான் பெரிய எழுத்தர். நானூறு வருடமாக அதே பதவி. யாரையும் கொல்ல மாட்டார். புதிதாக எழுத வரும் பிள்ளைகளிடம் மணிக்கட்டில் தினமும் ஒரு மடக்கு. குடித்து முடித்ததும் பிள்ளைகள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கதவுக்குக் களிமண்ணை அப்பி முத்திரை குத்திப் பூட்டுவார்கள். அந்த மண்ணைக் காட்டேரியால் உடைக்க முடியாது. உள்ளே இருப்பவர்தான் உடைத்து, வாங்க என்று கூப்பிட வேண்டும். நாணல் அறுப்பவர் மகள் நின்ஷா அந்தப் பள்ளிக்குப் படிக்க வருகிறாள். அவள் வீட்டிலும் அவள்தான் முதல் ஆள்.

மன்றம் வருடத்துக்கு ஒரு சித்திரக்கதையைத் தேர்ந்தெடுத்து மாவட்டத்துப் பள்ளி நூலகங்களுக்கெல்லாம் அச்சிட்டுக் கொடுக்கும் என்று விளம்பரம் வந்தது. நான் படித்த பள்ளி நூலகத்தில் என் புத்தகம் இருக்கும். அதற்கு ஆசைப்பட்டேன். நகல் ஏற்கப்பட மாட்டாது, மூலப்பக்கங்களே வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். வாங்கிப் பச்சை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள். என்னிடம் மிச்சமிருந்தது கைபேசியில் எடுத்த மங்கலான படங்கள்.

முதல் கூட்டம் ஐந்து மாதம் கழித்து நடந்தது. வரலாற்று வல்லுநர் என்று ஒருவர் வந்திருந்தார். என் பெயரைக் கேட்டதுமே அவருக்கு வருத்தம்.

"பெயர் தமிழ்மதி. வரைவது சுமேரியா. ஏன், நம் மண்ணில் பேய் இல்லையா?"

"இருக்குங்கய்யா. ஆனா இந்தக் கதை அங்க நடக்குது."

"அங்கே என்றாலும் அவர்கள் தமிழர்களே. இது மன்றத்தின் நான்காவது தீர்மானம். வரவேற்கிறேன்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். தட்டி முடித்த பிறகுதான் அந்தோணிமுத்து ஐயாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சுமேரியர் தமிழர் என்றால் காட்டேரியும் தமிழர்தானே? தமிழர் ரத்தம் குடிப்பாரா? ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் பேசினார்கள். முடிவில், ஊர் முழுக்கத் தமிழர், காட்டேரி மட்டும் வெளியூர் என்று ஆனது. எந்த வெளியூர் என்பதில் சிக்கல். ஒருவர் கரூர் என்றார். இன்னொருவருக்குச் சம்பந்தி வீடு கரூர். கடைசியில் 'ஊர் குறிப்பிட இயலாத காட்டேரி' என்று பதிவேட்டில் எழுதி, எல்லோரும் மறுபடி மேசையைத் தட்டினார்கள். எனக்கும் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் ரத்தம் வந்தது.

"மன்றத்தின் சார்பில் ஆண்டுதோறும் ரத்ததான முகாம் நடத்துகிறோம்," என்றார் தலைவர். "குடிப்பவரைக் காட்டினால் கொடுப்பவர் வருவாரா? யோசிக்க வேண்டும்."

யோசித்தார்கள். மாவட்டத்தில் விளையும் ஏதாவது ஒன்றைக் காட்டேரி குடிக்கட்டும் என்று முடிவானது. பன்னீர் திராட்சை என்றார் ஒருவர். ஒட்டன்சத்திரம் தக்காளி என்றார் மற்றொருவர். விவசாயிகளுக்கும் ஊக்கமாக இருக்கும்.

"அய்யா, தக்காளிச் சாறு குடிக்கிறவரு பிள்ளைக கையை எதுக்குப் பிடிக்கணும்?"

"அன்பினால்."

"பல்லு பதியிற மாதிரி வரைஞ்சிருக்கேனே."

"அதற்குத்தான் பல் துணைக்குழு அமைத்திருக்கிறோம்."

அந்தத் துணைக்குழு என் காட்டேரியின் படத்தை ஒரு பல் மருத்துவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. மூன்று மாதம் கழித்து அவர் பதில் எழுதினார். ஆளை நேரில் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. அவர் கிண்டலாக எழுதினாரா, நிஜமாகவே எழுதினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மன்றம் நிஜமாகவே எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் எனக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. 'தங்கள் படைப்பில் இடம்பெறும் மேற்படி நபரைத் தக்க அடையாள அட்டையுடன் முற்பகல் பதினொரு மணிக்கு நேரில் வரச் செய்யவும்.'

நான் தனியாகப் போனேன். "வரவில்லையா?" என்று கேட்டார் தலைவர். "பகல்ல வெளிய வரமாட்டாருங்கய்யா," என்றேன். ஆனந்தியக்கா அதை அப்படியே தட்டச்சு செய்தார். உரிய காரணத்தின் பேரில் விலக்கு அளிக்கப்பட்டது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னால் பூ ஆய்ந்துகொண்டே கேட்கும். சிரிக்காது. "குடுத்த பொருளைக் குடுன்னு கேக்கக் கூடாதாமா? அது என்னடி ஆபீசு?" அதோடு சரி. மறுபடி பூவைப் பார்த்துக்கொள்ளும்.

இந்த இடைவெளியில் சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அந்த மங்கலான படங்களை அனுப்பியிருந்தேன். பதில் வந்தது. அச்சிடத் தயார். மூலப்பக்கங்கள் இந்த மாதக் கடைசிக்குள் கைக்கு வந்தால் இந்த வருடம். வராவிட்டால் அடுத்த வருடம். கூடவே ஒரு வரி: 'உங்கள் காட்டேரியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. அதுதான் குறை. இந்த முகத்துக்கு யார் கதவைத் திறப்பார்கள்?'

அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. உண்மைதான். அவருக்குக் கோணல் மூக்கும் குழிவிழுந்த கண்ணும் போட்டிருந்தேன். நூறு முகம் வரைந்து பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

நேற்று ஆனந்தியக்கா போன் போட்டார். குரல் தணிந்திருந்தது. "தமிழு, நான் சொன்னேன்னு சொல்லாத. திருத்தம் பண்ணிட்டாங்க."

"எதுலக்கா?"

"உன் தாள்லதான்."

இன்று காலை பேகம்பூரில் பேருந்தை விட்டு இறங்கி, மஹ்ஜபீன் கடைக்குப் போனேன். கல்லூரியில் என்னோடு படித்தவள். இப்போது நகலெடுக்கும் கடையும் எழுதுபொருளும் வைத்திருக்கிறாள். வரைகிற தாளில் அறுபத்து நான்கு கேட்டேன்.

"உன் பக்கத்தைத்தான் வாங்கப் போறேங்கிறியே. இது எதுக்குடி?"

"சும்மா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அறுபத்தைந்தாக எண்ணிக் கட்டினாள். "ஒண்ணு கெட்டுப்போனா வேணும்ல."

இப்போது மறுபடி மன்றத்துக்கு வரலாம். தலைவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆனந்தி, இந்தப் பிள்ளை என்ன கேட்டது என்று செயலாளர் கவனித்தாரா என்று கேள்."

ஆனந்தியக்கா ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்திருந்த செயலாளரிடம் திரும்பினார். "அய்யா, கவனிச்சீங்களான்னு கேக்குறாங்க."

"கவனிச்சேன்னு சொல்லு. இப்படி ஒரு கோரிக்கைக்கு முன்மாதிரி கிடையாதுன்னும் சொல்லு."

"முன்மாதிரி கிடையாதாங்கய்யா."

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆண்டு விழாவில் யாருக்கு முதலில் பொன்னாடை போர்த்துவது என்பதில் ஆரம்பித்த மௌனம் இது. அதோடு போயிருந்தால் எனக்கென்ன. பச்சை பீரோவுக்குத் திண்டுக்கல் பூட்டு ஒன்று போட்டிருக்கிறார்கள். மன்றத்துக்காகச் சொல்லிச் செய்தது, இரண்டு சாவிப் பூட்டு. ஒன்று தலைவரிடம், ஒன்று செயலாளரிடம். இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் திறக்கும். யார் முதலில் சாவியைப் போட்டாலும் மற்றவருக்கு அவர் இறங்கிவந்ததாக ஆகிவிடும். அதனால் மூன்று வருடமாகப் பீரோவைத் திறக்கும் நாளெல்லாம் ஆனந்தியக்கா இருவரிடமும் சாவியை வாங்கி, இருவரும் சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்ட பிறகு, தானே திறப்பார்.

"நான் பார்க்கணும்," என்றேன். "திருத்தம் பண்ணுனதைப் பார்க்கணும்."

இதற்கு முன்மாதிரி இருந்தது போலிருக்கிறது. இருவரும் எழுந்து சன்னல் பக்கம் போனார்கள். அங்கிருந்து மலைக்கோட்டை தெரியும். மதிய வெயிலில் பாறை வெளுத்துக் கிடந்தது. இரண்டு பெரியவர்கள் தோளோடு தோள் நின்று, பேசாமல், அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனந்தியக்கா திறந்தார்.

பீரோ நிறையக் கட்டுகள். என்னுடையது மேல்தட்டில் இருந்தது. கீழே பதினோரு வருடக் கட்டுகள். நூல் கட்டி, பெயர் எழுதி, தூசி அடைந்து. ஒரு கட்டில் பெயர் அழிந்தே போயிருந்தது.

"பார்க்கலாம். தொட வேண்டாம்," என்றார் தலைவர், திரும்பாமல்.

ஆனந்தியக்கா ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார். காட்டேரியின் பல்லை எல்லாம் வெள்ளை மை வைத்து அழித்திருந்தார்கள். அழித்ததில் உதடும் போயிருந்தது. இருபதாம் பக்கத்துக்கு மேல் அவருக்கு வாயே கிடையாது. ரத்தத்தின் மீது ஆரஞ்சு வண்ணம். தக்காளி. முப்பத்தோராம் பக்கத்தில் அவர் தோளில் பொன்னாடை ஒன்று புதிதாக இருந்தது, சரிகையோடு. அது மட்டும் நன்றாக வரைந்திருந்தார்கள். பிறகு, பக்கத்துக்குப் பக்கம் 'சரிபார்க்கப்பட்டது' என்று வட்ட முத்திரை. காலியான இடம் கிடைக்காத பக்கங்களில் நின்ஷாவின் முகத்தில் குத்தியிருந்தார்கள்.

கடைசிப் பக்கத்தில், நான் வரைந்ததில் அவள் பள்ளியின் வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போவாள். முதுகு மட்டும் தெரியும். இதில் அவளைத் திருப்பி, பெரிய எழுத்தரின் காலில் விழவைத்திருந்தார்கள். அவர் வாயில்லாமல் ஆசீர்வதிக்கிறார்.

"யாரு வரைஞ்சது?"

"தலைவரோட அண்ணன் மகனாம்," என்று ஆனந்தியக்கா முணுமுணுத்தார். "ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கலாம்னு இருக்காப்லயாம்."

கத்தியிருக்க வேண்டும். வரும் வழியெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து கத்துவதற்கு வார்த்தை சேர்த்துவைத்திருந்தேன். ரொம்ப தூரம் நடந்துவந்து, பூட்டின கடை முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

பீரோ பூட்டப்பட்டது. பெரியவர்கள் திரும்பிவந்து உட்கார்ந்தார்கள். தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கோபம் வரும். தெரியும். உன் வயதில் எனக்கும் வந்தது. உட்காரம்மா. ஆனந்தி, பிள்ளைக்கு டீ சொல்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்த மன்றம் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள். நாங்கள் அச்சிட்ட நூல்களில் ஒரு பிழைகூடக் கிடையாது. எந்த மன்றமாவது இப்படிச் சொல்லட்டும், பார்ப்போம்."

"எத்தனை நூல்ங்கய்யா?"

"எண்ணிக்கை முக்கியமில்லை."

"இதுவரைக்கும் எதுவும் போடலை," என்றார் அந்தோணிமுத்து ஐயா, காலண்டரிடம். "அவசரப்பட்டா பிழை வரும்."

"அதைத்தான் சொல்கிறேன்," என்றார் தலைவர், யாரையும் பார்க்காமல். "எத்தனை பிள்ளைகள் இந்தப் படியேறி வந்தார்கள். என்ன வேகம், என்ன துடிப்பு. நாங்கள் அவர்களைப் பக்குவப்படுத்தினோம். இப்போது யாரும் வரைவதில்லை. எல்லோரும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். ஒருவர் சொந்தமாகப் பஞ்சர் கடையே வைத்திருக்கிறார். உண்மையைச் சொல்கிறேனம்மா, உன்னைப் போல் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால்தான் எனக்கே தெம்பு வருகிறது. பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறது."

அவர் தலைக்கு மேலே பதினோரு ஆண்டுவிழாப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொரு படத்திலும் பக்கத்தில் நிற்கும் பிள்ளை வேறு. அவர் மட்டும் அதே மாதிரி இருந்தார்.

"நல்ல செய்தியை இன்னும் சொல்லவில்லையே. ஆனந்தி, கொண்டு வா."

ஆனந்தியக்கா இரண்டு தாள்களைக் கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்க்காமல் வைத்தார். முதலாவது மன்றத்தின் முத்திரைத்தாள். 'தடையின்மைச் சான்று. உருக் நகரம், பலகைப் பள்ளியில் பெரிய எழுத்தராகப் பணிபுரியும் திரு. ரத்தக்காட்டேரி அவர்கள் நன்னடத்தை உடையவர் என்றும், அவர் இம்மாவட்டப் பள்ளி மாணவரிடையே உலவுவதில் இம்மன்றத்துக்கு யாதொரு தடையும் இல்லை என்றும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.'

அதில் இரண்டு கையெழுத்தும் இருந்தது. மூன்று வருடத்தில் இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை என்று ஆனந்தியக்கா மெதுவாகச் சொன்னார்.

இரண்டாவது தாளில் என் பெயர் இருந்தது. 'என் படைப்பினுள் மன்றம் தன் விருப்பம்போல் நுழைந்து மாற்றங்கள் செய்ய நான் மனமுவந்து அழைத்தேன்.' கீழே கையெழுத்துக்கு இடம். தேதி ஐந்து மாதத்துக்கு முந்தையது.

"இது எதுக்குங்கய்யா? அதான் மாத்திட்டீங்களே."

"மாற்றியது முறைப்படி ஆக வேண்டும் அல்லவா? நாங்களாக எதையும் எடுத்துக்கொள்ள மாட்டோம். அது எங்கள் வழக்கமில்லை. நீயாக மனசார அழைத்தாய் என்று இருக்க வேண்டும். போட்டுவிட்டால் அடுத்த மாதமே அச்சுக்குப் போகலாம். அட்டையில் உன் பெயர்."

"போடலைன்னா?"

"பீரோவில் இருக்கட்டும். பத்திரமாகத்தானே இருக்கிறது. ஒரு நாள் நீயே வருவாய்."

என் கதையின் பன்னிரண்டாம் பக்கத்தில் பெரிய எழுத்தர் நின்ஷாவின் வீட்டுக் கதவுக்கு வெளியே நிற்பார். களிமண் முத்திரை இன்னும் ஈரமாக இருக்கும். நீயாகக் கூப்பிடாமல் நான் வரமாட்டேன் மகளே என்பார். அந்த வசனத்தை எழுதியபோது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கோணல் மூக்குக்கு அது பொருந்தவே இல்லை.

நான் பேனாவை எடுக்கவில்லை. தலைவரின் முகத்தைப் பார்த்தேன். செத்த நேரம் நன்றாகவே பார்த்தேன். உருண்டையான, சுத்தமாகச் சவரம் செய்த முகம். கண்ணோரத்தில் சிரித்துச் சிரித்து விழுந்த மூன்று கோடுகள். சட்டைப் பையில் இரண்டு பேனா. என் டீ ஆறிவிடப்போகிறதே என்கிற உண்மையான கவலை. யாராக இருந்தாலும் கதவைத் திறந்துவிடுவார்கள். நான் திறந்தேனே. இதே மேசையில், விண்ணப்பத்தில், பதினேழாவது நிபந்தனைக்குக் கீழே, கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டு.

"என்னம்மா அப்படிப் பார்க்கிறாய்?"

"ஒண்ணுமில்லைங்கய்யா. செத்த இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினார். காது மடலையும் தாடைக்கும் கழுத்துக்கும் இடையில் உள்ள மடிப்பையும் பார்த்துக்கொண்டேன். போதும்.

எழுந்தேன். இரண்டு தாள்களில் சான்றை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டேன். அது காட்டேரிக்கு உரியது, அவர் இனி என்னோடுதான் இருக்கப்போகிறார். டீயைத் தொடவில்லை.

"மூலப்பக்கம் இல்லாமல் எங்கே கொண்டுபோய் அச்சிடுவாய்?" என்றார் தலைவர். அவர் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஆனந்தி, யோசித்துச் சொல்லட்டும் என்று சொல்."

ஆனந்தியக்கா என்னிடம் திரும்பினார். ஏதோ சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் நின்றார். மூன்று வருடத்தில் ஒரு செய்தியை அவர் கொண்டுசேர்க்காமல் விட்டது இன்றைக்குத்தான் இருக்கும்.

"போறேன்," என்றேன்.

அறையில் மூவருமே நிமிர்ந்து பார்த்தார்கள். எந்த வீட்டிலும், எந்த ஆபீசிலும், எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை.

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா," என்றார் அந்தோணிமுத்து ஐயா, பதறி, நேராக என்னிடமே. "வாரேன்னு சொல்லு."

"இல்லைங்கய்யா. போறேன்."

படியிறங்கும்போது பை இடுப்பில் இடித்தது. மஹ்ஜபீன் கட்டிக்கொடுத்த தாள் கட்டு. காலையில் அவள் கேட்டபோது சும்மா என்று சொன்னது பொய். கீழே வெயிலில் கண் கூசியது. ரெட்டியார்சத்திரம் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பேருந்து நிலையத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, மறப்பதற்குள், கண்ணோரக் கோடு மூன்றையும் முதலில் வரைந்துவிட வேண்டும்.